பொலிக்கு விடலாமா? உவர்மலை அல்சேஷன் கடுவன் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நிலாவெளியில் பெட்டை அல்சேஷன் வைத்திருப்பவர், உவர்மலையில் கடுவன் வைத்திருப்பவரிடம் கேட்டார்: "அண்ணை, உங்கட ரெக்ஸ ஒருக்கா விடுவீங்களா? தெரிவுக் குட்டி ஒண்டு உங்களுக்குத்தான்." ஓகஸ்ட் நடுப்பகுதி. பெட்டைக்கு இன்னும் ஒரு மாதத்தில் ஹீட், அதாவது இணை சேரும் பருவம், வரும் என்று கணக்கு. அந்த ஒரு மாதத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும்.

திருகோணமலையில் இந்தக் கேள்வி எழும் வீடுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் நிலைமைகளை ஒரே நாயின் மேல் வைத்து இங்கே எழுதியிருக்கிறோம். ரெக்ஸ் என்ற பெயரும் உவர்மலை வீடும் அடையாளத்துக்கு வைத்தவை. அளவுகளும் சோதனை முறைகளும் எந்தப் பெரிய இன நாய்க்கும் பொருந்தும்.

ரெக்ஸுக்கு வயது 25 மாதம், நிறை 36 கிலோ, தோள் உயரம் 64 சென்றிமீற்றர். அல்சேஷன் என்று நாம் சொல்லும் ஜேர்மன் ஷெப்பர்ட் கடுவனுக்கு இனத் தரம் சொல்வது 60 முதல் 65 சென்றிமீற்றர், 30 முதல் 40 கிலோ. மேற்பற்கள் கீழ்ப்பற்களைக் கத்தரிக்கோல் போலச் சற்று மூடுகின்றன. பல் எதுவும் குறையவில்லை. இரண்டு விரைகளும் பைக்குள் இறங்கி, ஒரே அளவில், ஒரே இறுக்கத்தில் இருக்கின்றன. ஆறு மாதத்துக்குள் ஒரு விரையாவது இறங்காமல் நின்றிருந்தால் இந்த ஆய்வு இந்த வரியோடு முடிந்திருக்கும். அது பரம்பரையாக இறங்கும் குறை. ஒற்றை விரையோடு குட்டி உண்டாகும் என்பதால் விட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பது தவறு.

வீட்டுக்காரர் மூன்று காரணம் சொன்னார்: ஆட்கள் கேட்கிறார்கள்; ஒரு குட்டி கிடைக்கும்; "ஒருக்கா விட்டாத்தான் கடுவன் அடங்கும்." மூன்றாவதை முதலிலேயே ஒதுக்க வேண்டியிருந்தது. இணை சேர்ந்த கடுவன் அடங்குவதில்லை. வாசல் தூணிலும் கதவிலும் மூத்திரம் அடிப்பதும், தெருவில் பெட்டை மணம் வந்தால் சாப்பாட்டை விட்டுவிட்டு ஊளையிடுவதும், மதிலைத் தாண்டப் பார்ப்பதும் பெரும்பாலும் கூடத்தான் செய்யும்.

பேப்பரில் கண்டது

இலங்கை கெனல் அசோசியேஷனின் பதிவுச் சான்றிதழ் இருந்தது. தாயும் தகப்பனும் பதிவுள்ளவையாக இருந்தால்தான் குட்டிகளுக்குப் பேப்பர் எடுக்கலாம் என்பதால் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் பேப்பர் இருக்கிறதா என்று கேட்கிறவர்களில் அதை வாசிக்கிறவர்கள் குறைவு. பெயர்களுக்கு முன்னால் உள்ள சாம்பியன் பட்டங்களை எண்ணிவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது பதிவு இலக்கங்களை. ஒரே நாய்க்கு வீட்டில் ஒரு பெயர், பேப்பரில் ஒரு பெயர், ஊரில் இன்னொரு பெயர் இருக்கும். இலக்கம் மாறாது.

ரெக்ஸின் பேப்பரில் தகப்பனின் தகப்பனும், தாயின் தாயினுடைய தகப்பனும் ஒரே இலக்கம். ஒரே மூதாதை இருபக்கமும் வருகிறபோது, தகப்பனிலிருந்து அதற்கு எத்தனை தலைமுறை, தாயிலிருந்து எத்தனை தலைமுறை என்று எண்ணிக் கூட்டி, அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இங்கே 1, 2, 1. மொத்தம் 4. அரையை நான்கு முறை பெருக்கினால் 6.25 சதவீதம். உள்ளினக் கலப்பு, அதாவது உறவுக்குள்ளேயே கலந்த அளவு, இதுதான். ஒன்றுவிட்ட சகோதரங்கள் கலந்து பிறக்கும் குட்டிக்கு உள்ள அதே நெருக்கம். தனியே இது நாயைத் தள்ளக் காரணமில்லை.

பெட்டையின் பேப்பரைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளித்தது. பெட்டையின் தகப்பன் என்று சொல்லப்பட்ட பெயர் வேறு. இலக்கம் ரெக்ஸின் தகப்பனுடையது. அப்படியென்றால் இரண்டும் தகப்பன் வழிச் சகோதரங்கள். பிறக்கும் குட்டிகளின் உள்ளினக் கலப்பு குறைந்தது 12.5 சதவீதம். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பிரதியாக ஒளிந்திருக்கும் கெட்ட மரபணு இரண்டு பிரதியாகச் சேர இது வசதியான வழி.

சிறிய ஊரில் இது தற்செயல் இல்லை. பேப்பர் உள்ள அல்சேஷன் கடுவன்கள் ஒன்றிரண்டு இருக்கும் இடத்தில், பார்க்க வடிவான ஒன்று கேட்ட வீடெல்லாம் போகும். ஐந்து பெட்டைகள், ஒவ்வொன்றும் ஏழு குட்டி என்றால் 35 குட்டிகள். மூன்றாம் வருடம் அதன் மகள்கள் கடுவன் தேடி வரும்போது ஊரில் நிற்பது தகப்பன், அல்லது தம்பி. இந்த இனமே 1899இல் மக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் முதலாவதாகப் பதிவு செய்த ஹோரான்ட் ஃபொன் கிராஃப்ராத் என்ற ஒரு கடுவனிலிருந்து கிளைத்தது. அடியிலேயே குறுகலான இனத்தை நாம் ஊர்மட்டத்தில் இன்னும் குறுக்கக் கூடாது.

இடுப்புப் படம்: இரண்டு முறை எடுக்க வேண்டி வந்த காரணம்

அல்சேஷனில் இடுப்பு மூட்டுக் குறைபாடு பழைய தலைவலி. நாய் ஓடுகிறது, மதில் பாய்கிறது, அதனால் இடுப்பு நல்லது என்று சொல்ல முடியாது. தசை பலமுள்ள இளம் நாய் தளர்ந்த மூட்டை வருடக்கணக்கில் மறைத்து வைத்திருக்கும்.

முதல் எக்ஸ்ரே நாயை மயக்காமல், இரண்டு பேர் பிடித்துக்கொண்டு எடுத்தது. "சாதாரணம்" என்று எழுதப்பட்டிருந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மூன்று பிழை தெரிந்தது. இடுப்பெலும்பின் இடது சிறகு வலதை விட அகலம். அடியிலுள்ள இரண்டு முட்டை வடிவத் துளைகளில் ஒன்று ஒடுங்கி நின்றது. ஒரு முழங்கால் சில்லு தொடையெலும்பின் நடுவில் இல்லாமல் வெளிப்பக்கம் சரிந்திருந்தது. நாய் சற்றே உருண்டு கிடந்திருக்கிறது என்பதுதான் இதன் அர்த்தம். உருண்டு கிடந்தால் ஒரு பக்க இடுப்பு மூட்டுக் கிண்ணம் ஆழமாகவும் மற்றது ஆழமில்லாமலும் பொய்யாகத் தெரியும். அதோடு, விழித்திருக்கும் நாய் பயத்தில் தொடையை இறுக்கும். இறுகிய தசை எலும்புத் தலையைக் கிண்ணத்துக்குள் பிடித்து வைக்கும். தளர்வு படத்தில் விழாது.

இரண்டாவது படத்துக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குப் போக முடிவானது. ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகச் சுமார் 180 கிலோமீற்றர். மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதால் முந்திய இரவு எட்டு மணிக்குப் பிறகு சாப்பாடு கொடுக்கவில்லை, தண்ணீர் கொடுத்தார்கள். அதிகாலை நான்கு மணிக்கு வெளிக்கிட்டார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் பத்து மணிக்குப் பிறகு மூடிய வாகனத்தில் பெரிய நாயை ஏற்றுவது ஆபத்து. வாகனம் நின்று, காற்றோட்டம் நின்றால் நாயின் உடல் வெப்பம் விரைவில் 41 பாகையைத் தாண்டிவிடும்.

மயக்கி, மல்லாக்கக் கிடத்தி, பின்னங்கால் இரண்டையும் நேராக நீட்டி, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக வைத்து, முழங்கால் சில்லுகள் நடுவில் வரும்படி உள்நோக்கித் திருப்பி எடுத்த படத்தில், எலும்புத் தலை கிண்ணத்துக்குள் எவ்வளவு பொருந்தியிருக்கிறது என்று காட்டும் நோர்பேர்க் கோணம் வலது பக்கம் 107 பாகை, இடது பக்கம் 104. 105க்கு மேல் இருப்பது நல்லது. சர்வதேச நாய்ச் சங்கமான எஃப்.சி.ஐ.யின் முறையில் ஏ முதல் ஈ வரை ஐந்து தரம், சீயிலிருந்து குறைபாடு. வலது ஏ, இடது பீ. இரண்டில் கீழானதுதான் நாயின் தரம்: பீ. அதே மயக்கத்தில் முழங்கைகளையும் மடக்கி எடுத்தார்கள், இரண்டும் பூச்சியம், அதாவது குறை இல்லை. இடுப்புக்காக மயக்கும் நாளில் முழங்கைப் படத்தை விட்டுவிட்டு வருவது வீண் செலவு.

பீ என்பது இணை சேர்க்கத் தடை இல்லை. ஆனால் இடுப்பு ஒரு நாயின் படத்தோடு முடிவதில்லை. பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பது என்பதால் கூடப் பிறந்தவற்றையும் பார்க்க வேண்டும். குட்டி கொடுத்த வீட்டில் விசாரித்ததில், ரெக்ஸோடு பிறந்த ஆறில் நான்கைப் பற்றித் தகவல் கிடைத்தது. அனுராதபுரத்தில் உள்ள ஒன்று காலையில் எழும்பும்போது பின்னங்கால் இழுத்து, நாலைந்து அடி நடந்த பிறகு சரியாகிறது. அதற்குப் படம் எடுக்கவில்லை. படம் எடுக்காத நொண்டலை நோய் என்று எழுத முடியாது. இல்லை என்று எழுதவும் முடியாது. முடிவில் அது பாரமாகவே வைத்துப் பார்க்கப்பட்டது.

மே மாதம் ஓடிப்போன நாள்

நோய்த்தொற்றுப் பற்றிக் கேட்டபோது முதலில் "வீட்டை விட்டு வெளிய போறேல்ல" என்ற பதில்தான் வந்தது. இரண்டாம் முறை கேட்டபோது, மே மாதம் ஒரு இரவு கேற்றுக்குக் கீழால் நுழைந்து போய் விடியத்தான் வந்தது என்று தெரிந்தது. கட்டாக்காலி நாய்கள் நிறைந்த ஊரில் ஒரு இரவு போதும்.

இணை சேரும்போது தொற்றும் புற்றுக்கட்டிதான் இங்கே முதல் கவலை. அது கிருமியால் வருவதில்லை. கட்டியின் உயிரணுவே ஒரு நாயிலிருந்து மறு நாயில் ஒட்டி வளர்கிறது. பூக்கோவா போன்ற சிவந்த கட்டி, தொட்டால் இரத்தம் கசியும். தொற்றிய இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் தெரிய வரலாம். ஆகவே ஓகஸ்டில் ஒருமுறை, நவம்பரில் மறுமுறை பார்க்கப்பட்டது. உறையை நுனி தெரியுமளவுக்கு மட்டும் பின்தள்ளிப் பார்ப்பது பயனற்றது. கட்டி பெரும்பாலும் ஆணுறுப்பின் அடியில் உள்ள வீங்கும் குமிழுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். உறையை முழுவதும் பின்னிழுத்துச் சுற்றிவரப் பார்க்க வேண்டும். ரெக்ஸிடம் இரண்டு முறையும் எதுவும் இல்லை. இருந்திருந்தால் வாரம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் வின்கிறிஸ்ரின் மருந்துக்குப் பெரும்பாலானவை நான்கு முதல் ஆறு வாரத்தில் குணமாகும். ஆனால் அந்த மருந்தே விந்தைக் கெடுக்கும்.

புருசெல்லா கானிஸ் என்ற பக்ரீரியாத் தொற்று இன்னொரு வகை. கடுவனில் விரை வீக்கம், பெட்டையில் 45 நாளுக்குப் பிறகு கரு கலைதல். மருந்தால் முழுதாகத் தீர்ந்தது என்று நம்ப முடியாது. கலைந்த குட்டியையும் கழிவையும் கையால் அள்ளுகிற மனிதருக்கும் தொற்றும். தொற்றிய புதிதில் குருதிச் சோதனை பிடிக்காது என்பதால் ஒரு மாத இடைவெளியில் இருமுறை செய்யப்பட்டது, இரண்டிலும் தொற்று இல்லை. இணை சேராத கன்னிப் பெட்டை என்றால் சோதனை தேவையில்லை என்று சொல்வதை ஏற்கக் கூடாது. நக்குவதாலும் மூத்திரத்தாலும் தாயிடமிருந்தும் அது வரும்.

மூன்றாவது, உண்ணிக் காய்ச்சல். ஜூலை கடைசியில் ரெக்ஸுக்கு 40.3 பாகை காய்ச்சல், பிளேட்லெட் குறைவு, உண்ணி பரப்பும் ஏர்லிக்கியாக் கிருமி இருப்பது உறுதி. டொக்சிசைக்ளின், நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 மில்லிகிராம் வீதம் நாளாந்தம், 28 நாள். பேராதனையில் மயக்குவதற்கு முன் பிளேட்லெட் திரும்பவும் எண்ணப்பட்டு, ஏறியிருப்பது உறுதியான பிறகே மருந்து ஏற்றப்பட்டது.

விந்துப் பரிசோதனை

முதல் மாதிரி ஓகஸ்ட் மூன்றாம் வாரத்தில், காய்ச்சல் விட்டு மூன்று வாரத்தில் எடுத்தது. அசையும் விந்தணு 35 சதவீதம். வடிவம் பிசகியவை 45 சதவீதம். நல்ல கடுவனில் 70க்கு மேல் அசைய வேண்டும், பிசகியவை 20க்குள் நிற்க வேண்டும். வீட்டுக்காரர் அன்றே "அப்ப இது மலடு" என்று முடிவெடுத்துவிட்டார். அவசரம்.

நாயில் ஒரு விந்தணு உருவாகச் சுமார் 62 நாள். காய்ச்சலிலும், கச்சான் கால வெக்கையில் தகரக் கூரைக்குக் கீழே கட்டி வைத்தாலும் கெட்டுப்போவது அன்று உருவாகிக்கொண்டிருக்கும் அணுக்கள். அந்தச் சேதம் அடுத்த இரண்டு மாதமும் மாதிரியில் தெரியும். ஆகவே காய்ச்சலுக்குப் பின் 62 நாள் போகுமுன் எடுக்கும் மாதிரியை வைத்து மலடு என்றும் சொல்லக் கூடாது, பெட்டையை விட்டுப் பார்க்கவும் கூடாது. எடுக்கும் முறையிலும் தவறு வரும். கழுவிய குழாயில் தண்ணீர் அல்லது சவர்க்காரம் ஒட்டியிருந்தால் அணு சாகும். குளிர்ந்த கண்ணாடித் தட்டில் வைத்தால் அசைவு நிற்கும். தட்டை 37 பாகையில் சூடாக வைத்தே நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். முதலில் வரும் தெளிந்த துளிகளையும் கடைசியில் வரும் தெளிந்த நீரையும் விட்டு, நடுவில் பால்போல் வருவதைத்தான் எண்ண வேண்டும். மாதக்கணக்கில் சேராதிருந்த கடுவனின் முதல் மாதிரியில் பழைய, செத்த அணுக்கள் கூடுதலாக இருக்கும். நாலைந்து நாளில் இன்னொன்று எடுத்தால்தான் உண்மை தெரியும்.

ஒக்டோபர் நடுவில் இரண்டாம் மாதிரி: அசைவு 80 சதவீதம், பிசகியவை 18. ரெக்ஸ் மலடு இல்லை.

குணமும் மரபணுவும்

குணத்தைச் சோதிக்கத் திருகோணமலையில் தோதான இடம் பிரட்றிக் கோட்டைப் பக்கம். புள்ளிமான்கள் மனிதருக்குக் கூச்சப்படாமல் திரிகின்றன. ஆறடிக் கயிற்றில் ரெக்ஸைக் கொண்டுபோனபோது காது நிமிர்ந்தது, இரண்டடி முன்வைத்தது, கூப்பிட்டதும் திரும்பி வந்தது. பின்னால் கல் போட்ட ரின்னைக் கீழே விழுத்தினால் திடுக்கிட்டு, ஐந்து செக்கனில் போய் மணந்து பார்த்தது. திடுக்கிடுவது குறை இல்லை. மீளாமல் நடுங்குவதும், பயத்தில் கடிப்பதும்தான் குறை. அது குட்டிகளுக்கும் இறங்கும்.

வயதான அல்சேஷனின் பின்னங்காலை மெல்ல முடக்கும் முள்ளந்தண்டு நோய்க்கான மரபணுச் சோதனைக்குக் கன்னத்தின் உட்பக்கத்துப் பஞ்சு மாதிரி வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் போன பின் எடுத்து, நிழலில் காயவைத்து, கடதாசி உறையில் இட்டார்கள். நம் கடற்கரை ஈரப்பதத்தில் பொலித்தீனில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். முடிவு: ஒரு பிரதி உண்டு. அதாவது சுமக்கிறது, பாதிக்கப்படாது. இப்படிச் சுமக்கும் எல்லா நாயையும் தள்ளினால் நல்ல நாய்களும் போய்விடும். சுத்தம் என்று சோதித்த பெட்டையோடு மட்டும் சேர்த்தால் குட்டி ஒன்றும் நோய்ப்படாது. சராசரியாகப் பாதிக் குட்டிகள் சுமக்கும். அதை வாங்குகிறவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும்.

முடிவு

நிலாவெளிப் பெட்டைக்கு: இல்லை. செப்டெம்பர் கடைசியில் அதற்கு ஹீட் வந்தபோது, "ஒருக்காத்தானே அண்ணை, பேப்பர பிறகு பாப்பம்" என்று நெருக்கினார்கள். தகப்பன் வழிச் சகோதரி என்ற ஒன்றே போதும். அந்த நேரத்தில் விந்தும் தேறியிருக்கவில்லை, இரண்டாம் புருசெல்லா முடிவும் வரவில்லை.

பொதுவாகப் பொலிக்கு விடுவதற்கு: இப்போது இல்லை. பீ தர இடுப்பு, நொண்டும் சகோதரம், ஒரு பிரதி மரபணு என்ற மூன்றும் தனித்தனியே சின்னவை. சேர்ந்து வரும்போது ஊருக்குத் திறந்துவிட இது ஏற்ற கடுவன் இல்லை. அதோடு, சாப்பிட்டும் மெலியச் செய்யும் கணையச் சுரப்புக் குறைவும் வலிப்பும் இந்த இனத்தில் இரண்டு மூன்று வயதில்தான் பல நேரம் தலைகாட்டும். மூன்று வயது முடிந்தபின் மீண்டும் பார்க்கலாம். அப்போதும் ஒரே ஒரு பெட்டை: மூன்று தலைமுறையில் பொது இலக்கம் இல்லாதது, இடுப்பு ஏ, மரபணு சுத்தம், இரண்டு வயதுக்கு மேல். அந்தக் குட்டிகளில் பாதியையாவது 18 மாதத்தில் படம் எடுத்த பிறகே இரண்டாம் பெட்டை. கடுமையாகத் தெரியலாம். ஆனால் நொண்டும் நாயோடு பத்து வருடம் வாழப்போவது குட்டி வாங்குகிற வீடு.

அப்படி ஒரு நாள் வந்தால் செய்ய வேண்டியவையும் எழுதிக் கொடுக்கப்பட்டன. பெட்டை கடுவனின் வீட்டுக்கு வர வேண்டும். இரத்தம் கண்ட பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் என்று விரல்விட்டு எண்ணிச் சேர்ப்பதால்தான் பாதித் தோல்வி. பெட்டையின் இரத்தத்தில் புரொஜெஸ்ரரோன் என்ற ஹோர்மோனின் அளவைப் பார்க்க வேண்டும். மனிதருக்கான ஆய்வுகூடத்திலும் அளக்கலாம். ஜெல் இல்லாத வெற்றுக் குழாயில் எடுக்க வேண்டும். ஜெல் குழாய் அளவைக் குறைத்துக் காட்டும். அலகையும் பார்க்க வேண்டும்: மில்லிலீற்றருக்கு 5 நானோகிராம் என்பதும் லீற்றருக்கு 16 நானோமோல் என்பதும் ஒன்றுதான். அந்த அளவில் முட்டை வெளிவருகிறது. முதிர இன்னும் இரண்டு மூன்று நாள் வேண்டும். சேர்க்கை அப்போது, ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு முறை. முட்டை வெளிவந்த நாளிலிருந்து 63ஆம் நாள், ஒருநாள் முன்பின்னாகக் குட்டி.

நேரம் விடியற்காலை. சீமெந்துத் தரையில் பின்னங்கால் வழுக்கும், ஆகவே தும்புப் பாய் விரிக்க வேண்டும். பூட்டு விழுந்தால் ஐந்து முதல் முப்பது நிமிடம் நிற்கும். இரண்டையும் தலைப்பக்கம் பிடித்து அமைதியாக நிற்க வைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றுவதோ இழுப்பதோ இரண்டுக்கும் காயம். விட்ட பிறகு கடுவனின் உறுப்பு உறைக்குள் போய்விட்டதா என்று பார்க்காமல் கட்டக் கூடாது. மயிர் சுற்றி வெளியே நின்றால் கெட்டியான குளிர்ந்த சீனிக் கரைசலால் நனைத்து வீக்கத்தை வற்றவைத்து, வழுவழுப்பான ஜெல் பூசி உள்ளே தள்ள வேண்டும். அப்படியும் போகாவிட்டால் காத்திருக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

உடனே செய்ய வேண்டியிருந்தது வேறு வேலை. கேற்றுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதில் சீமெந்துக் கல் வரிசை ஒன்று பதித்து, பின்மதிலில் தாழ்ந்த இடத்துக்கு மேலே கம்பிவலை அடித்து ஆறடியாக்கினார்கள்.